கூடங்குளத்துக் கழிவை எங்கே வைப்பது? பழனி மலையிலிருந்து ஓர் ஒப்பீடு

அணுமின்சாரம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஓரிடத்தில் அமர்ந்தால் விடிய விடிய வாதாடுவார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மாறாத உண்மை ஒன்று இருக்கிறது. கூடங்குளத்தின் முதல் உலை 2014 டிசம்பர் 31 முதலும், இரண்டாவது உலை 2017 மார்ச் 31 முதலும் வணிக முறையில் மின்சாரம் தந்து வருகின்றன. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். அந்த அளவுள்ள உலை ஓராண்டு ஓடினால் ஏறத்தாழ 20 முதல் 25 டன் வரை எரிபொருள் தீர்ந்து வெளியே வரும். நாளைக்கே உலைகளை மூடினாலும் அதுவரை சேர்ந்தது அங்கேதான் இருக்கும். ஆகவே கழிவை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரு தரப்பாரும் பதில் சொல்லியாக வேண்டும்.

கூடங்குளம் எங்கோ தென்கோடியில் இருக்கிறது, பழனி மலைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நமக்கு இரண்டு வகையில் வேலை இருக்கிறது. கழிவு என்றால் என்ன, அதற்குப் பொறுப்பாளி இல்லாமல் போனால் ஒரு மலை என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானல் பாதரசத்தில் கற்றுக்கொண்டது. “மலையைக் குடைந்து அணுக்கழிவை வைக்கப் போகிறார்கள்” என்ற பேச்சு இங்கே இன்னும் ஓயவில்லை. மேல்மலையில் பூண்டு போடும் பெரியவர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “நம் மலைக்குத்தான் அது வருமாமே தம்பி, உண்மையா?” அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாதரசத்திலிருந்து தொடங்குகிறேன். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை ஒன்று கொடைக்கானலில் நடந்தது. 2001இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், கிழிந்த சாக்குகளில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை மக்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வேலை செய்தவர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. ஆலை வளாகத்துக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தச் சரிவில் இறங்கும் தண்ணீர் கும்பக்கரைப் பக்கம் போகிறது. வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்று ஒரு தரப்பு சொல்ல, அது போதவே போதாது, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று மறு தரப்பு சொல்ல, அந்த வழக்கு ஆண்டுக் கணக்கில் நீண்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் உரைகற்கள் நான்கு. கழிவை யார் காக்கிறார்கள்? காவல் தவறினால் என்ன நடக்கும்? தவறு தெரிந்தபின் அதைத் திரும்ப எடுக்க முடியுமா? அங்கே வாழ்கிறவர்களிடம் கேட்டுத்தான் வைத்தார்களா? மூஞ்சிக்கல்லில் முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் பதிலே இல்லை. சாக்கில் இருந்ததைத் திரும்ப அனுப்ப முடிந்தது. மண்ணில் இறங்கியதை முடியவில்லை. மூன்றாவது கேள்வியின் எடை இந்த ஒரு வேறுபாட்டிலேயே தெரிகிறது.

அணுக்கழிவையும் பாதரசத்தையும் ஒன்றாகப் பார்ப்பதும் தவறு. பாதரசம் எத்தனை ஆண்டு போனாலும் பாதரசம்தான். கதிர்வீச்சுப் பொருள் தானாகவே குறைந்துகொண்டு வரும். சீசியம்-137 முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்; 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அதே எரிபொருளில் இருக்கும் புளூட்டோனியம்-239 பாதியாகவே 24,100 ஆண்டு வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் காக்க வேண்டிய பொருளும், மனிதர்களால் காத்து முடியாத பொருளும் ஒரே எரிபொருள் கம்பிக்குள் கலந்து கிடக்கின்றன. இதனால்தான் ஒரே விடையில் இந்தக் காரியம் முடிவதில்லை.

கூடங்குளத்துக்கு முதலில் இருந்த விடை மிக எளியது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்த ஒப்பந்தப்படி, தீர்ந்த எரிபொருளை சோவியத் யூனியனே திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தது. 1998இல் செய்த துணை ஒப்பந்தத்தில் அது இந்தியாவிடமே இருக்கும் என்று மாறியது. கழிவு பற்றிய நம் விவாதம் முழுவதும் அந்த மாற்றத்தின் தொடர்ச்சிதான். அந்த மாற்றம் நடந்தபோது அதைப் பற்றி பக்கத்து ஊரான இடிந்தகரையிலோ வேறெங்கோ மக்களைக் கூட்டிப் பேசியவர் இல்லை. கடலில் கொட்டுவது 1993 முதல் உலக உடன்பாட்டால் தடைசெய்யப்பட்டது. ராக்கெட்டில் ஏற்றி விண்ணுக்கு அனுப்பலாம் என்ற யோசனையை, ஒரு ராக்கெட் வானில் வெடித்தால் என்ன ஆகும் என்று நினைத்த மாத்திரத்தில் விட்டுவிடலாம். மிஞ்சுவது நான்கு வழிகள்.

முதல் வழி, உலைக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவைப்பது. உலையிலிருந்து எடுத்த எரிபொருளைச் சில ஆண்டுகள் தண்ணீரில் வைத்துத்தான் ஆக வேண்டும். அதன் சூட்டைத் தணிக்க வேறு வழியில்லை. அதற்கு மேலும் அங்கேயே குவித்து வைப்பதுதான் ஆபத்து. தொட்டிக்குப் பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். 2011இல் ஃபுகுஷிமாவில் நான்காம் உலையின் தொட்டி வற்றிவிடுமோ என்று உலகமே நடுங்கியது இதனால்தான். உச்ச நீதிமன்றமும் 2013 மே 6ஆம் தேதித் தீர்ப்பில், நிலையத்துக்குள் வைப்பது தற்காலிக ஏற்பாடு மட்டுமே, ‘அணுஉலைக்கு அப்பால்’ சேமிப்பு மையமும் அதற்குப் பின் நிரந்தரமான ஆழ்நிலக் கிடங்கும் வேண்டும் என்று சொன்னது. சேமிப்பு மையத்துக்கு 5 ஆண்டு கெடு. 2018இல் கூடுதல் அவகாசம் கேட்டுப் பெற்றார்கள். 2019 ஜூலை 10 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தற்காலிகம் எப்படி நீண்டுகொண்டே போகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இரண்டாவது வழி, உலர் கலம். குறைந்தது ஐந்தாண்டாவது தண்ணீரில் தணிந்த எரிபொருளை எஃகுக் கலத்தில் அடைத்து, உள்ளே ஹீலியம் வாயுவை நிரப்பி, மூடியை வெல்டிங் செய்து, அதைச் சுற்றித் தடித்த கான்கிரீட் உறை எழுப்புகிறார்கள். உறையின் அடியில் துளைகள், மேலே துளைகள். கீழே நுழையும் காற்று சூடாகி மேலே எழும். அதுவே எரிபொருளைக் குளிர்விக்கும். பம்பு கிடையாது, மின்சாரம் போனாலும் கவலை கிடையாது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி நிலையத்தில் 1986 முதல் இப்படி வைக்கிறார்கள். நம் நாட்டில் ராஜஸ்தான் அணுமின் நிலையத்திலும் உலர் கலங்கள் இருக்கின்றன. ஃபுகுஷிமா வளாகத்திலேயே உலர் கலங்கள் இருந்தன. சுனாமித் தண்ணீர் அந்தக் கட்டடத்துக்குள்ளும் புகுந்தது, கலங்கள் கசியவில்லை. கடலோரத்தில் இருக்கும் கூடங்குளத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறொன்றும் இல்லை என்பேன்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். கலம் நிலத்தின் மேல் நிற்பதால் காவல் ஒருநாளும் ஓயக் கூடாது. அமெரிக்காவில் ஒருமுறைக்கு 40 ஆண்டு வரைதான் உரிமம். பிறகு சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். நூறு ஆண்டு ஓர் அமைப்பு அசராமல் கணக்கு வைத்திருக்குமா? வைத்திருக்கும், மனம் இருந்தால். இதே கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்த கண்ணாடித் தட்டுகளை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார அரசு போய்ச் சுதந்திர அரசு வந்தது, அதிகாரிகள் எத்தனையோ பேர் மாறினார்கள், தட்டுகள் போகவில்லை. நூறாண்டுக் காவல் மனிதர்களால் ஆகும். அதே ஊரில் தெர்மாமீட்டர் ஆலை இருபது ஆண்டுகூட ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை என்பதும் உண்மைதான். ஆகவே காவல் காக்கும் அமைப்பு எது, அதன் கணக்கை யார் பார்க்க முடியும் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

மூன்றாவது வழி மறுசெயலாக்கம். இந்திய அணுசக்தித் துறையின் கொள்கை இதுதான். தீர்ந்த எரிபொருளை அவர்கள் கழிவு என்றே சொல்வதில்லை. அதற்குள் யுரேனியமும் புளூட்டோனியமும் மிச்சமிருப்பதால் செல்வம் என்கிறார்கள். எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அந்த இரண்டையும் பிரித்தெடுத்து, கல்பாக்கத்தில் கட்டிய, புளூட்டோனியத்தை எரிபொருளாக்கும் 500 மெகாவாட் வேக ஈனுலை போன்றவற்றுக்குக் கொடுப்பது திட்டம். மிஞ்சும் கடுங்கதிர்வீச்சுத் திரவத்தை போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி எஃகுக் கலத்தில் ஊற்றி இறுகவைப்பார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்றிடங்களிலும் இந்தக் கண்ணாடியாக்கம் நடக்கிறது. திரவம் வழியும், கசியும். கண்ணாடிக்குள் போன கதிர்வீச்சுப் பொருள் சட்டென வெளியே வராது. புளூட்டோனியத்தைப் பிரித்துவிடுவதால் மிஞ்சுவதன் ஆயுளும் குறைகிறது. இதையெல்லாம் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் என் ஐயம் கண்ணாடியில் இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. திடமாக, அசையாமல் இருந்த பொருளை அமிலத்தில் கரைத்துத் தொட்டிகளிலும் குழாய்களிலும் ஓடவிடுகிறோம். 1957இல் சோவியத் யூனியனின் மாயக் வளாகத்தில் வெடித்தது இப்படிப்பட்ட திரவக் கழிவுத் தொட்டி. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் நிலத்தடித் தொட்டிகள் கசிந்து இன்றுவரை தீராத தலைவலியாக இருக்கின்றன. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதாகி ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். கடைசியில், கண்ணாடியான பிறகும் அதற்கு ஆழ்நிலக் கிடங்கு வேண்டும். மறுசெயலாக்கம் முடிவைத் தள்ளிப்போடுகிறது, முடிவாக ஆவதில்லை. இன்னொன்று, கரைத்ததைப் பழையபடி ஆக்க முடியாது. உலர் கலத்தில் வைத்ததை ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் மேலான தொழில்நுட்பத்தோடு திறந்து, வேண்டுமானால் மறுசெயலாக்கமும் செய்துகொள்ளலாம்.

நான்காவது வழிதான் நம் மலைக்காரர்களைத் தூங்கவிடாத ஆழ்நிலக் கிடங்கு. உலகில் இதை உருப்படியாகச் செய்து காட்டும் நாடு ஃபின்லாந்து. ஓல்கிலுவோட்டோ தீவில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில், மிகப் பழைய பாறையைக் குடைந்து ஓன்காலோ என்ற கிடங்கை அமைத்திருக்கிறார்கள். எரிபொருளைச் செப்புக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண் இட்டு, சுரங்கத்தை நிரப்பி மூடிவிடுவது முறை. 2024இல் வெற்றுக் கலங்களை வைத்து ஒத்திகை தொடங்கினார்கள். இதற்கு மாறான பாடங்களும் உண்டு. ஜெர்மனியில் ஆஸ்ஸே என்னும் பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் கசிகிறது என்று தெரிந்தபின் எல்லாவற்றையும் வெளியே எடுப்பது என்று தீர்மானித்து, எப்படி எடுப்பது என்று இன்றும் திணறுகிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ உப்புக் கிடங்கில் 2014இல் ஒரே ஒரு பீப்பாய் உள்ளுக்குள் வெடித்துக் கிடங்கே ஏறத்தாழ மூன்று ஆண்டு முடங்கியது.

அப்படியானால் பழனி மலைப் பாறை? நம் மலை சார்னோகைட் என்னும் மிகப் பழைய, கடினமான பாறை. கடினம், உயரம், ஒதுக்குப்புறம் என்ற மூன்றையும் வைத்து ‘இதுதான் தோதான இடம்’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பயப்படுபவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. ஆழ்நிலக் கிடங்குக்கு முதல் எதிரி ஓடும் தண்ணீர். நிலத்தடி நீர் அசையாமல் தேங்கிக் கிடக்கும் தட்டையான நிலமே தோதானது. ஃபின்லாந்தும் சுவீடனும் தேர்ந்தெடுத்தது கடலோரத்துத் தாழ்நிலம். உயர்ந்த மலையில் மேலே பெய்த மழை பாறையின் வெடிப்புகளில் இறங்கி அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வர அவசரப்படும். கூக்கல், மன்னவனூர்ப் பக்கம் சோலைக்குள் நடந்தவர்களுக்கு இது தெரியும்: மழை நின்று வாரக் கணக்கான பிறகும் பாறை இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் தண்ணீர் தருவது இந்தக் கசிவுதான். இந்த மலை தண்ணீரைப் பிடித்து விடும் மலை; எதையும் புதைத்து மறக்கும் இடமாக இது ஆகாது. பயத்தை விட வலுவான காரணம் இது, ஏனென்றால் எந்த நிபுணர் கூட்டத்திலும் இதைச் சொல்ல முடியும்.

நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் நீலகிரியில் சிங்காராவில் வருவதாக இருந்து, முதுமலைப் புலிகள் காப்பகத்தின் பொருட்டு 2009இல் மறுக்கப்பட்டு, பிறகு தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலைக்குத் திருப்பிவிடப்பட்டது அந்தத் திட்டம். அது அணுக்கழிவுக் கிடங்குக்கான முகமூடி என்ற பேச்சு நம் மலைவரை பரவியது. காற்று மண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை 50,000 டன் இரும்புக் கருவியால் பதிவு செய்வதே திட்டம். அதில் கதிர்வீச்சுப் பொருளுக்கு வேலை இல்லை. பேச்சு எங்கிருந்து முளைத்தது என்று தேடினால் கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கம் வரை போக வேண்டும். 1965இல் நியூட்ரினோ பதிவான அதே தங்கச் சுரங்கத்தில்தான், பின்னாளில், ஏறத்தாழ 1 கிலோமீட்டர் ஆழத்தில், கழிவின் சூட்டைப் பாறை தாங்குமா என்று சூடேற்றும் கருவிகளை வைத்துச் சோதித்தார்கள். 2012 நவம்பரில் கூடங்குளத்துக் கழிவு கோலாருக்குப் போகும் என்று செய்தி பரவி அங்கே போராட்டம் வெடித்ததும், அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசு மறுத்தது. இரண்டு வேலைகளும் ஒரே சுரங்கத்தில் நடந்த வரலாறு இருக்கும்போது, எதையும் மக்களிடம் முன்கூட்டிச் சொல்லாத பழக்கமும் சேர்ந்தால், சந்தேகம் வரத்தான் செய்யும். போடி மலையில் வெடி வைப்பதையும் காட்டுவிலங்குகளின் வழித்தடத்தையும் காட்டி எதிர்க்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. இல்லாத கழிவைக் காரணமாகச் சொன்னால் அந்த நல்ல காரணங்களும் எடுபடாமல் போகும்.

ஆழ்நிலக் கிடங்கைப் பற்றி எனக்குள்ள பெரிய தயக்கம் மறதி. தாண்டிக்குடியிலும் பெருமாள்மலைப் பக்கமும் கல்திட்டைகள் நிற்கின்றன. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்து, இறந்தவர்களுக்காகக் கட்டியவை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. கட்டியவர்கள் யார், என்ன மொழியில் பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. புதையல் இருக்கும் என்று நினைத்துக் கல்லைப் பெயர்த்தவர்கள் உண்டு. தோட்டத்துக்கு இடைஞ்சல் என்று தள்ளியவர்களும் உண்டு. கட்டியவர்கள் ‘இதைத் தொடாதே’ என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் நமக்கு வந்து சேரவில்லை. 24,000 ஆண்டில் பாதியாகும் பொருளின் மேல் எந்த மொழியில் எச்சரிக்கைப் பலகை வைப்பது? ஆழத்தை ஆதரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதிலில் நியாயம் இருக்கிறது: மனிதர்கள் மறந்துபோவார்கள் என்பதால்தான் அவர்களை நம்பாமல் பாறையை நம்புகிறோம் என்கிறார்கள். இதை நான் ஏற்கிறேன். முடிவில் ஆழ்நிலக் கிடங்குதான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பாறையைச் சோதிக்காமல், மக்களைக் கேட்காமல், கெடு முடிகிறது என்ற அவசரத்தில் அதைச் செய்யக் கூடாது என்பதே என் வாதம்.

ஃபின்லாந்தில் அந்தக் கிடங்கு அமையும் எவ்ராயோக்கி நகராட்சிக்கு மறுக்கும் அதிகாரம் இருந்தது. அதன் மன்றம் 2000இல் சம்மதித்த பிறகுதான் 2001இல் நாடாளுமன்றம் ஏற்றது. நம் அணுசக்திச் சட்டம் எந்த ஊராட்சிக்கும் அந்த அதிகாரத்தைத் தரவில்லை. ஆனால் இந்த நாட்டில் அது முடியாத காரியம் அல்ல. 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் வரவில்லை.

ஆக, நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழியை. கூடங்குளத்துக் கழிவு அங்கேயே, தண்ணீர்த் தொட்டியில் குவியாமல், உலர் கலங்களில், திரும்ப எடுக்கக்கூடிய நிலையில் இருக்கட்டும். அந்தக் காலத்துக்குள் ஆழ்நிலக் கிடங்குக்கான பாறை ஆய்வு வெளிப்படையாக நடக்கட்டும். மறுசெயலாக்கத்தை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம்.

இதைச் சொன்னதும் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். நம் மலை தப்பித்துக்கொள்ள, இடிந்தகரை மீனவர் தலையில் கட்டுகிறோமா? 2011இலும் 2012இலும் அந்தக் கடற்கரையில் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து போராடியதைப் பார்த்துவிட்டு இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. கழிவை ஊர் ஊராக லாரியில் ஏற்றிக்கொண்டு போவதால் ஆபத்துக்கு உள்ளாகும் ஊர்கள் பெருகுமே தவிர அவர்களுக்கும் பாதுகாப்பு அதிகமாகாது என்பதால்தான் அங்கேயே என்கிறேன். அந்த மின்சாரத்தில் நம் வீட்டு விளக்கும் எரிகிறது. ஆகவே அவர்கள் கேட்பதை நாமும் சேர்ந்து கேட்க வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது. நிலையத்தைச் சாராத ஓர் அமைப்பு கதிர்வீச்சை அளந்து மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். சுற்றுவட்டார மக்களின் உடல்நலக் கணக்கை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். பாதரச ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்தப் பழைய கணக்கு இல்லாததால்தான் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிறுவ அத்தனை ஆண்டு அலைய நேர்ந்தது. கலங்களுக்கு முடிவு ஆண்டு சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பூம்பாறையோ மன்னவனூரோ நிறைவேற்றும் தீர்மானம் அணுசக்தித் துறையைக் கட்டுப்படுத்தாது. அரசு ஆவணமாக நிற்கும், பின்னால் எந்த நீதிமன்றத்திலும் எடுத்துக் காட்டலாம். அதில் ‘எங்கள் மலைக்கு வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. இரண்டு வாசகங்கள் இருக்க வேண்டும்: நீர்ப்பிடிப்பு மலைகள் எதுவும் ஆழ்நிலக் கிடங்குக்கான ஆய்வுப் பட்டியலில் சேரக் கூடாது, எந்த ஊரில் கிடங்கு வந்தாலும் அந்த ஊர்க் கிராம சபையின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வரக் கூடாது. இரண்டாவது வாசகத்தைக் கூடங்குளம், இடிந்தகரை ஊராட்சிகளின் பெயரைச் சொல்லியே எழுதலாம்.